கடலில் எண்ணெய்க் கிணறு போட்டால் அந்தக் கழிவு எங்கே போகும்? ஊரில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம். மும்பைக்கு மேற்கே அரபிக்கடலிலும், காக்கிநாடாவுக்கு எதிரே வங்கக்கடலிலும் ரிக்குகளில், அதாவது கடலில் துளை போடுகிற மேடைகளில், பதினொரு வருஷம் வேலை பார்த்தேன். எண்ணெய் எடுக்கிற வேலை இல்லை. துளை போடும்போது மேலே வருகிற குப்பையைப் பிரிப்பது, எடை போடுவது, எங்கே போகவேண்டுமோ அங்கே அனுப்புவது, இதுதான் என் வேலை. 28 நாள் கடலில், 28 நாள் ஊரில். ஊரில் இருக்கிற நாட்களில் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்படி என்ன கழிவு வருகிறது? கல்லும் மண்ணும்தானே?

பாதி சரி. உடைந்த பாறைத் துகள் ஒன்று. ரிக்கில் அதைக் ‘கட்டிங்ஸ்’ என்போம். துளைக்குள் சுற்றவிடுகிற சேறு இரண்டாவது; அதற்கு ‘மட்’ என்று பெயர். கிணறு எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தபின் எண்ணெயோடு சேர்ந்து வருகிற நீர் மூன்றாவது. இது போக சிமெண்டு மிச்சம், ரசாயன மூட்டைகள், எண்ணெய்த் துணி, நூறு பேருக்கு மேல் தங்கியிருக்கிற இடத்தின் சமையல் கழிவு, கக்கூஸ் தண்ணீர் எல்லாம் உண்டு.

கல் வெறும் கல்லாகவே வந்தால் யாருக்கும் தலைவலி இல்லை. அந்தக் கல்லின்மேல் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சேறு எதற்கு? நம்ம ஊரில் போர் வண்டி காற்றிலேயே ஆயிரம் அடி போடுகிறதே?

நல்ல கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி. நம் தரைக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. மேல்மண் சரியாமல் இருக்கக் கொஞ்ச அடிக்குக் கேசிங் பைப் இறக்கினால் போதும், மற்ற ஆழமெல்லாம் துளை தானாகவே நிற்கும். கம்ப்ரசர் காற்று அடித்தால் பாறைத்தூள் புகையாக மேலே வந்துவிடுகிறது. வண்டி போனபிறகு வயலில் சாம்பல் நிறத்தில் ஒரு மேடு கிடக்கும், அவ்வளவுதான் நம் கழிவு.

கடலுக்கு அடியில் கதை வேறு. அங்கே படிவுப் பாறை: களிமண் ஈரம் பட்டால் உப்பும், மணல் சரியும், நடுவில் எங்காவது அழுத்தத்தோடு வாயு காத்திருக்கும். காற்று அடித்துக்கொண்டு போனால் துளை மூடிக்கொள்ளும், அல்லது உள்ளே இருக்கிற வாயு ஒரே மூச்சில் மேலே வந்துவிடும். அதனால் கனமான சேற்றைக் குழாய் வழியாகக் கீழே அனுப்புகிறார்கள். அது துளைமுனையைக் குளிரவைத்து, உடைந்த துகளைத் தூக்கிக்கொண்டு, குழாய்க்கும் துளைச்சுவருக்கும் இடையிலுள்ள சந்து வழியாக மேலே ஏறி வருகிறது. அதன் எடைதான் வாயுவை அடக்கி வைக்கிற மூடி.

அந்த எடைக்காகச் சேர்ப்பது பேரைட். தண்ணீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனமான தாதுக்கல். உலகத்தின் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று ஆந்திராவில், பழைய கடப்பா மாவட்டத்து மங்கம்பேட்டையில் இருக்கிறது. சேற்றைக் கொழகொழப்பாக வைத்திருக்க பென்டோனைட் களிமண். அது கட்ச் பக்கத்திலிருந்து வரும்.

ஒரு கிணற்றுக்கு எவ்வளவு கழிவு வரும்?

நம்ம ஊர் அளவிலேயே சொல்கிறேன். ஆறரை இன்ச் போர் ஆயிரம் அடி போட்டால் வெளியே வருகிற பாறை 230 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்றால், இரண்டேகால் யூனிட்டுக்குச் சற்று மேல்.

கடல் கிணறு மேலே அகலமாகத் தொடங்கி, கீழே போகப்போகக் குறுகும். உதாரணமாக, 36 இன்ச்சில் 100 மீட்டர், பதினேழரை இன்ச்சில் 1000 மீட்டர், பன்னிரண்டேகாலில் 1500 மீட்டர், எட்டரையில் 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் சுமார் 370 கன மீட்டர், நம் கணக்கில் 130 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் 43, 44 லோடு. இது கெட்டிப் பாறையின் கணக்கு. உடைந்து உதிரியானால் அளவு இன்னும் கூடும், சேறும் ஒட்டிக்கொள்ளும். துளைச்சுவர் சரிந்தால் அதற்கும் மேலே போகும்.

மேலே வந்தபிறகு அதை என்ன செய்வீர்கள்?

சலிப்போம். போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் மாங்கூழ் ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே பழத்தைச் சல்லடையில் தள்ளிக் கூழை எடுத்துக்கொண்டு கொட்டையையும் தோலையும் வெளியே தள்ளுகிறார்கள். இங்கேயும் அதே வேலைதான். கூழ்தான் சேறு, கொட்டைதான் பாறைத் துகள்.

முதலில் ஷேல் ஷேக்கர். அதிர்ந்துகொண்டே இருக்கிற கம்பிச் சல்லடை. பெரிய துகள் முன்பக்கமாக நகர்ந்து விழும், சேறு கீழே இறங்கும். அப்புறம் மணலையும் வண்டலையும் சுழற்றிப் பிரிக்கிற கூம்புகள். கடைசியாக மாவு போல இருக்கிற நுண்துகளை எடுக்க மையவிலக்கு இயந்திரம். சுத்தமான சேறு மறுபடி துளைக்குள் போகும்.

சேற்றின் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் இந்தச் சலிப்பைச் சுற்றுச்சூழலுக்காக யாரும் ஆரம்பிக்கவில்லை, காசுக்காகத்தான் ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. காசு மிச்சமாகிற வேலையை ராத்திரி மூன்று மணிக்கும் யாராவது ஒழுங்காகச் செய்வார்கள்.

எண்ணெய் கலந்த சேறாக இருந்தால் இது போதாது. துகளை ஒரு பெரிய துணி பிழியும் இயந்திரம் போன்ற உலர்த்தியில் போட்டுச் சுழற்றுவார்கள். அதிலும் சில சதவீத எண்ணெய் தங்கிவிடும். இன்னும் இறக்க வேண்டுமென்றால் சூடுதான் வழி. துகளை வேகமாக அரைத்தால் உராய்விலேயே 250 டிகிரி வாக்கில் சூடேறி, எண்ணெயும் நீரும் ஆவியாகப் பிரிந்துவிடும். மிஞ்சுகிற தூளில் எண்ணெய் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

எண்ணெய் கலந்த சேறு இவ்வளவு தொல்லை என்றால் ஏன் அதைத் தொடுகிறார்கள்?

தண்ணீர்ச் சேறு பட்டால் உப்புகிற களிமண், எண்ணெய்ச் சேறு பட்டால் உப்பாது. சாய்வாக, வளைத்து வளைத்துத் துளை போடும்போது குழாய் மாட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போகும். சூடான, ஆழமான துளைகளில் கெடாமல் நிற்கும். இதெல்லாம் உண்மையான காரணங்கள்தான். முன்பு டீசலிலேயே சேறு கலக்கினார்கள். பிறகு நச்சு குறைந்த கனிம எண்ணெய் வந்தது, அதற்கப்புறம் செயற்கையாகத் தயாரித்த எஸ்டர், ஓலிஃபின் வகைகள்.

கழிவுப் பிரச்சினை கழிவு வரும்போது தொடங்குவதில்லை. எந்தச் சேறு என்று ஆறு மாதம் முன்னால் ஏதோ ஒரு ஏசி அறையில் முடிவு செய்கிறார்களே, அன்றைக்கே பாதி முடிந்துவிடுகிறது. சல்லடைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களால் மிச்சப் பாதியைத்தான் ஏதாவது செய்ய முடியும்.

கடலிலேயே கொட்டுவதாகச் சொல்கிறார்களே, அது சட்டப்படி சரியா?

சில வகைக்குச் சரி, சிலதுக்குக் கூடவே கூடாது. 2005 ஆகஸ்டில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் இதற்கென்றே தரம் வகுத்து அறிவித்தது. அதில் எங்கள் வேலையைத் தொடுகிற பகுதி இது.

டீசல் சேறு தடை. தண்ணீர்ச் சேறுதான் வழக்கமாகப் பயன்படுத்த வேண்டும். அதிலிருந்து பிரித்த துகளை நன்றாகக் கழுவியபின் கடலில் விடலாம். ஆனால் ஒரே மூச்சாக இல்லை, விட்டுவிட்டு, கிணற்றுக்கு மணிக்குச் சராசரி 50 பீப்பாய் என்ற வேகத்தில். ஒரு பீப்பாய் 159 லிட்டர், ஆக ஏறக்குறைய 8,000 லிட்டர். அலை கலைத்துக் கொண்டுபோகட்டும் என்பதுதான் கணக்கு. எண்ணெய் இருக்கிற அடுக்கிலிருந்து வந்த துகளில் கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக்கூடாது. எண்ணெய்ச் சேற்றில் பயன்படாமல் மிஞ்சுவதைக் கடலில் விடவே கூடாது. கரைக்குக் கொண்டுவந்து, சுத்திகரித்து, நீர் கசியாத குழியில் சேர்க்க வேண்டும்.

ஆறு இணைதிறன் கொண்ட நச்சு வகைக் குரோமியத்தைச் சேற்றில் சேர்க்கக்கூடாது. பேரைட்டில் கிலோவுக்குப் பாதரசம் 1 மில்லிகிராம், காட்மியம் 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அரசு அறிவித்த நுட்பமான பகுதிகளில் எந்த வகைத் துகளையும் கொட்டக்கூடாது. கரையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிற ரிக் என்றால், கடலுக்கோ கரைக்கோ பாதிப்பு தெரிந்தால் அத்தனையையும் கரைக்கு எடுத்துவர வேண்டும். தினமும் எவ்வளவு விட்டோம் என்று எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அமைச்சகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

இறால் சோதனை என்று ஒன்றும் உண்டு. மைசிட் என்கிற பொடி இறால் இனத்தைக் கலவையில் 96 மணி நேரம் வைப்பார்கள். பாதி சாக எவ்வளவு அடர்த்தி வேண்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். அது லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் தேறியது. எண் கூடினால் நச்சு குறைவு. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘முப்பதாயிரம் விஷமா!’ என்று அலறியவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐரோப்பாவின் வடகடலையும் வடகிழக்கு அட்லாண்டிக்கையும் காக்க அந்த நாடுகள் போட்ட ஓஸ்பார் உடன்பாட்டில், எண்ணெய்ச் சேற்றுத் துகளில் எடைக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருந்தால் கடலில் விடக்கூடாது என்று 2000-இல் முடிவெடுத்தார்கள். ஒரு சதவீதம் என்பதும் நம் 10 கிராம் என்பதும் ஒன்றுதான். அமெரிக்காவில் செயற்கைச் சேறு ஒட்டிய துகளுக்கு, வகையைப் பொறுத்து 6.9 அல்லது 9.4 சதவீதம் வரை சராசரியாக விட அனுமதி உண்டு. அந்த விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தளர்வு.

கரைக்குக் கொண்டுவந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

இடம் மாறுகிறது. துகளை ‘ஸ்கிப்’ என்கிற மூடிபோட்ட இரும்புத் தொட்டிகளில் நிரப்பி, கிரேனில் தூக்கி, சப்ளை படகில் இறக்கி, துறைமுகத்தில் லாரிக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு தொட்டியும் பல டன். மழைக்காலத்தில் படகு ஆடும்போது தலைக்குமேல் அதைத் தொங்கவிடுவது எனக்குத் தெரிந்த மோசமான வேலைகளில் ஒன்று.

ஒரு தடவை நாங்கள் அனுப்பிய தொட்டிகளில் ஒன்றுக்கு மூடி சரியாக மாட்டவில்லை. எங்கள் ஆள் செய்த தவறா, படகில் நடந்ததா என்று கடைசிவரை ஒத்துக்கொள்ள யாருமில்லை. வழியில் மழைத்தண்ணீர் ஏறி, துறைமுகத்தில் இறக்கும்போது கரும்பழுப்பு நிறத்தில் ஓர் ஓடை. அன்றைக்கு அதை மரத்தூள் போட்டு அள்ளியது தினக்கூலிக்கு வந்த நான்கு பேர். இரண்டு பேர் கையில் உறை இல்லை. என் கையெழுத்து இருந்த சீட்டில் ‘நல்ல நிலையில் அனுப்பப்பட்டது’ என்றுதான் இருந்தது.

2016-இல் வந்த அபாயக் கழிவு விதிகளின்படி, எண்ணெய் கலந்த சேறும், தண்ணீர்ச் சேறு அல்லாத மற்றவற்றிலிருந்து வந்த துகளும் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கின்றன. தண்ணீர்ச் சேற்றுத் துகள் அதில் இல்லை. பட்டியலில் உள்ளதை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி, ஆந்திராவில் விசாகப்பட்டினம் பக்கம் பரவாடா, மகாராஷ்டிராவில் தலோஜா என்று அதற்கான நிலையங்கள் உள்ளன. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பெயர்களில் முதலாவது பழக்கமாக இருக்கும்.

எடுத்த துளைக்குள்ளேயே திருப்பிப் போட்டுவிடலாமே?

போடுகிறார்கள். துகளை மாவாக அரைத்து, கடல்நீரில் கரைத்து, தகுந்த பாறை அடுக்குக்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். நம் விதியும் இதை ஏற்கிறது. படகு, லாரி, குழி எதுவும் வேண்டாம் என்பதால் கேட்க அழகாக இருக்கும்.

ஆனால் அந்த அடுக்குக்கு மேலே நல்ல மூடிப்பாறை இருக்கவேண்டும். நார்வேயின் வெஸ்லஃப்ரிக் களத்தில் இப்படிச் செலுத்தியது கசிந்து மேலே வந்ததை 2009-இல் கண்டுபிடித்தார்கள். கடல்தரையில் நடந்ததால் கண்ணில் படவே நாளாயிற்று. பூமிக்குள் போட்டதைப் பார்க்க முடியாது, அழுத்தமானியை மட்டும்தான் பார்க்க முடியும்.

மீனுக்கு என்ன ஆகும்?

நீந்துகிற மீன் பெரும்பாலும் விலகிப் போய்விடும். அடி வாங்குவது கடல்தரையில் இருக்கிற புழு, சிப்பி, நண்டு வகைகள். துகள் மேலே படிந்து மூச்சுமுட்டும். தண்ணீர்ச் சேறு என்றால் பாதிப்பு பெரும்பாலும் கிணற்றைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் நின்று, சில வருஷங்களில் உயிரினங்கள் திரும்ப வரும். வடகடலில் அந்தக் காலத்தில் எண்ணெய்ச் சேற்றோடு கொட்டிய துகள், மேடைகளுக்கு அடியில் மேடு மேடாகப் பல பத்தாண்டுகளாக அப்படியே கிடக்கிறது. ஆக்சிஜன் போகாத மேட்டுக்குள் எண்ணெய் மிக மெதுவாகத்தான் மக்கும். இப்போது மேடையைக் கழற்றவேண்டிய காலம் வந்து, அந்த மேடுகளைக் கிளறுவதா, விட்டுவிடுவதா என்று யோசிக்கிறார்கள்.

எண்ணெயோடு வரும் தண்ணீர் பற்றிச் சொன்னீர்களே?

அளவில் அதுதான் எல்லாவற்றுக்கும் அண்ணன். துளை போடும் கழிவு சில மாதங்களில் முடிந்துவிடும். இந்த நீர் கிணறு சாகும்வரை வரும், வயதான கிணற்றில் எண்ணெயைவிட நீரே அதிகம். எண்ணெயை மிதக்கவிட்டு வழித்தும், சுழற்றியும், வாயுக் குமிழி விட்டு நுரையோடு தூக்கியும் பிரித்தபிறகு கடலில் விடுகிறார்கள், அல்லது எண்ணெய் அடுக்குக்குள்ளேயே செலுத்துகிறார்கள்.

கடலில் விடும் நீரில் எண்ணெய் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி; 100 சோதனையில் 95 இதற்குள் வரவேண்டும், எந்தச் சோதனையிலும் 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வடகடலில் மாதச் சராசரி 30, அமெரிக்காவில் 29. நாம் ஏன் 40-இல் நிற்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை, இறக்கமுடியாத எண் இல்லை அது.

இன்னொன்று. இந்த எண் தண்ணீரில் மிதக்கிற எண்ணெயைத்தான் முக்கியமாகப் பிடிக்கிறது. கரைந்துபோன பென்சீன், ஃபீனால் வகைகளின் முழுக் கதையை அது சொல்லாது. கண்ணாடி மாதிரி தெளிந்த தண்ணீருக்குள் என்ன இருக்கும் என்று நம் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. போர் தண்ணீரைக் குடித்தே பல்லில் பழுப்புக்கறை ஏறிய தலைமுறை நாம். ஃப்ளோரைடுக்காகத்தானே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது.

கதிர்வீச்சு இருக்கிறதாமே?

பயமுறுத்துகிற அளவுக்கு எல்லா இடத்திலும் இல்லை. ஆழத்து நீரில் இயற்கையாகவே ரேடியம் கரைந்திருக்கும். குழாய்க்குள் படிகிற உப்புப் படிவோடு அதுவும் சேர்ந்து படியும். வருஷக்கணக்காகப் படிந்த குழாயைச் சுரண்டும்போதுதான் கவனம் தேவை. பழைய குழாயை இரும்புக்கடைக்குப் போட்டால் அந்தப் படிவு எங்கெல்லாமோ போய்ச் சேரும் என்பதால், அளந்து பார்க்காமல் வெளியே விடக்கூடாது.

சாப்பாட்டு மிச்சம்?

அரைத்து, 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகிற அளவுக்குப் பொடியாக்கி, கரையிலிருந்து 12 கடல்மைலுக்கு அப்பால் என்றால் விடலாம். பிளாஸ்டிக் உட்பட வேறு எந்தக் குப்பையும் கடலில் விழக்கூடாது. கப்பல்களுக்கான மார்போல் உடன்பாட்டின் விதி இது. பீடித்துண்டு போட்டவரைக்கூட இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

எண்ணூரில் கறுப்பாக ஒதுங்கியதே, அது இந்தக் கழிவா?

இல்லை. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் அது. விபத்து வேறு, தினசரிக் கழிவு வேறு.

நம்ம மாவட்டத்தில் எண்ணெய்க்குத் துளை போடுவார்களா?

மாட்டார்கள். எண்ணெய் படிவுப் பாறையில் இருக்கும். நம்முடையது அதற்கெல்லாம் முந்திய கிழட்டுப் பாறை. தமிழ்நாட்டில் காவிரிப் படுகையிலும் அதை ஒட்டிய கடலிலும்தான் அது. நமக்கு வருவது குழாய். கெயில் குழாய் ஓசூர் வழியாக பெங்களூருக்குப் போக ஏழு மாவட்டங்களில் நிலம் கேட்டபோது தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளும் எதிர்த்து நின்றார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் குழாய்க்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. வாயு பைப்பில் வரும்போது அதன் சேறு எந்தக் கடல்தரையில் கிடக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரிய வழியில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பொதுமக்கள் கேள்வி கேட்க இடம் உண்டா?

குறைந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை 2020 ஜனவரியில் திருத்தி, எண்ணெய் இருக்கிறதா என்று தேடிப் போடுகிற துளைகளை ‘பி2’ வகைக்கு மாற்றினார்கள். அந்த வகைக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. தேடிப் போட்டாலும் எடுக்கப் போட்டாலும் வருவது அதே துகள்தான், சல்லடைக்கு வித்தியாசம் தெரியாது. எனவே அந்தத் திருத்தம் எனக்கு உடன்பாடில்லை. கேட்க வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் ‘எத்தனை டன்’ என்று கேட்பதைவிட ‘எந்த ஆழத்தில் எந்தச் சேறு’ என்று கேளுங்கள்.

காய்ந்த சேற்றை வயலுக்கோ செங்கல்லுக்கோ போடலாமா?

வயலுக்குப் போடவேண்டாம். களிமண் உப்பாமல் இருக்கப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பார்கள், கடல்நீரின் உப்பும் இருக்கும். நிலம் பாழாகும். சுத்தம் செய்து உப்பு நீக்கிய துகளைச் செங்கல்லுக்கும் சாலை அடித்தளத்துக்கும் பல நாடுகளில் சோதித்திருக்கிறார்கள். கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில் பால் மாதிரி வருகிற கல்தூள் கழிவைப் போலத்தான் இதுவும்: உபயோகம் இருக்கிறது, ஆனால் ஏற்றிக்கொண்டு போகிற லாரி வாடகையில் லாபம் போய்விடும்.

ஊத்தங்கரைத் தம்பி ஒருவன் கேட்டது: அண்ணா, இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். கடலில் விழுந்த ஹெலிகாப்டருக்குள்ளிருந்து தப்பிக்கிற பயிற்சி முடித்தால்தான் ஏற்றுவார்கள், நீச்சல் தெரிந்தால் பயம் குறையும். ஷேக்கர் பக்கம் சத்தம் காதைப் பிளக்கும். எண்ணெய்ச் சேறு தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிவந்து, வெடித்து, எரியும். கையுறையை மாற்றச் சோம்பல் படாதே. ஆவி தலைவலி தரும்.

வீட்டுக்கு வரும்போது அந்த வாடை துணியில் போகுமா?

போகாது. முதல் வருஷம் என் உடையை ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் துவைக்கக் கொடுத்தேன். மூன்று தண்ணீர் மாற்றியும், கொடியில் கிடந்த மற்றத் துணிக்கெல்லாம் ஏறிவிட்டது. எண்ணெய் ஊறிய துணியும் அந்த அபாயக் கழிவுப் பட்டியலில் தனி வரியாக இருக்கிறது என்று பிற்பாடுதான் படித்தேன். அதற்கப்புறம் ரிக் உடை ரிக்கிலேயே இருந்துவிடும்.